மதுசாரமானி 60 காட்டினால் 60 இல்லை: சாராயம் வடிக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப வடிசாலைகளில் புதிதாகக் கலத்தடிக்கு, அதாவது வடிக்கும் செப்புக் கலம் இருக்கும் இடத்துக்கு, வருபவர்கள் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கலத்தைக் கழுவு, மூட்டுகளில் ஆவி கசியாமல் பூசு என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த பிறகும் நடப்பவை பற்றித்தான் இங்கே பேச்சு.

பிந்தி வடித்த கள்ளு

இலங்கையில் களுத்துறை, வாதுவ, பயாகல பக்கம் மரத்திலிருந்து இறக்கும்போதே கள்ளு முட்டிக்குள் நொதிக்கத் தொடங்கியிருக்கும். ஒரு நாளுக்குள் மதுசாரம் 6, 7 வீதத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு ஏறுவது புளிப்பு மட்டும்தான். கொழும்பு–காலி வீதி நெரிசலில் வெந்து மாலையில் கொழும்புக்கு வந்த கள்ளை "விடியவே வடிப்பம்" என்று தொட்டியில் விட்டால், அதிலுள்ள அசற்றிக் அமிலம் மதுசாரத்தோடு சேர்ந்து எதைல் அசற்றேற்று ஆகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அது. கந்தக வாடையைக் கலத்தின் செம்பு பிடித்துக்கொள்ளும், இதைப் பிடிக்காது. வடிக்கும்போது முதலில் வரும் பகுதியை, அதாவது முதல் வடியை, கூடுதலாக வெட்டித்தான் தப்பலாம். வெட்டுவதெல்லாம் காசு.

கருப்பநீருக்கு (நொதிக்காத இனிப்புக் கள்ளுக்கு) சுண்ணாம்பு தடவிய முட்டி கள்ளு முட்டிகளோடு கலந்து வருவதும் உண்டு. அந்தக் கள்ளு நொதிக்காமல் மந்தமாகக் கிடக்கும். ஊற்றுவதற்கு முன் முட்டியின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

கலம் நிரப்புவது

முக்கால் பங்கு. கள்ளு நுரைக்கும்.

சூட்டோடு மானி பார்ப்பது

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாதது இதுதான்.

முதல் தடவை வடித்ததைச் சேர்த்து மறுபடி வடிக்கும்போது, வருவதை முதல் வடி, நடு வடி, கடை வடி என்று பிரிக்கிறோம். நடு வடியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சரக்கின் தரம் இருக்கிறது. பிரான்ஸின் கொனியாக் பகுதியில் பிரண்டி வடிப்பவர்கள், மதுசாரம் 60 வீதத்துக்கு இறங்கியதும் பாத்திரத்தை மாற்றுவது வழக்கம். இங்கே பழகுபவர்களும் அந்த 60-ஐப் பாடமாக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எந்த வெப்பநிலையில் 60 என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

வடியில் மிதக்கவிட்டு மதுசார வீதம் பார்க்கும் கண்ணாடி மானியின் தண்டுக்குள் சுருட்டி வைத்த தாளைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில், 20 பாகை செல்சியஸ் என்று இருக்கும். அந்தச் சூட்டில் மட்டும்தான் அது உண்மை பேசும். கொழும்பில் நிழலிலேயே 30 பாகை. சூடு ஏற ஏற மதுசாரம் அடர்த்தி குறையும். மானி கூடுதலாக அமிழும். எண் கூடித் தெரியும். 30 பாகையில் 60 காட்டினால் உள்ளே இருப்பது 56-க்குச் சற்று மேல்.

பிற்பகல் 2 மணியை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை கொதிக்கிறது. காலையிலிருந்து ஓடிய குளிர்த்தொட்டித் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. குழாயால் விழும் வடி 36 பாகை. பொடியன் மானியைப் பார்த்து "அண்ணை, இன்னும் 60-இலதான் நிக்குது" என்கிறான். நிற்கவில்லை, அது 54-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. அவன் நடு வடி என்று சேர்த்துக்கொண்டிருப்பதில் ஈரச் சாக்கு வாடையும் கொழுப்பமிலங்களும் வந்து அரை மணித்தியாலம் ஆகிறது. தண்ணீர் சேர்த்தவுடன் பால்போலக் கலங்கும்.

கலங்கினால் வரும் அடுத்த பேச்சுத்தான் எரிச்சலைக் கிளப்பும்: "பீப்பாயில போட்டா சரியாயிடும்." ஆகாது. ஹல்மில்ல மரப் பீப்பாயில் கிடக்கும் ஆண்டுகளில் தண்ணீரும் மதுசாரமும் ஆவியாகக் குறையும். கனமான வாடைப் பொருட்கள் தங்கிச் செறியும். மரம் நல்ல சரக்கை மேலும் நல்லதாக்கும். கெட்டதை, செலவு வைத்து, கெட்டதாகவே வைத்திருக்கும்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. மானி மிதக்கும் குழலிலேயே ஒரு வெப்பமானியை வையுங்கள். திருத்த அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு ஒரு கணக்கு: 60 வீதத்தை அண்டிய சரக்கில் 20-க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.35 கழியுங்கள், 40-ஐ அண்டியதில் 0.4. வரிக் கணக்குக்கு இது போதாது, அட்டவணையே வேண்டும். சைக்ஸ் மானி என்ற பழைய பித்தளை மதுசாரமானி வீட்டில் இருந்தால் அதற்குரிய அட்டவணை வேறு; இரண்டையும் குழப்பாதீர்கள். நடு வடி முடியும் கட்டத்தில், சிறிய கிண்ணத்தில் வடியும் தண்ணீரும் சம அளவு விட்டு முகர்ந்தும் பாருங்கள். மூக்குக்குத் திருத்த அட்டவணை தேவையில்லை.

போத்தலடைக்கும்போதும் இதே பொறிதான். 30 பாகையில் மானி 36.8 காட்டியது என்று லேபிள் ஒட்டினால் உள்ளே இருப்பது 33-ஐ ஒட்டியதுதான்.

தண்ணீர் கலந்தவுடன் அளப்பது

மதுசாரமும் தண்ணீரும் சேரும்போது சூடு கிளம்பும், கன அளவு சுருங்கும். 50 லீற்றர் தூய மதுசாரத்தில் 50 லீற்றர் தண்ணீர் விட்டால் 100 வராது, 96 சொச்சம்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு இரவு ஆறவிட்டு, மறுநாள் அளந்து, தேவையென்றால் மீதியைச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றிவிட்டு வலு குறைந்தால், திரும்ப ஏற்ற நல்ல சரக்கைத்தான் கொட்ட வேண்டும்.

பிளாஸ்ரிக் குழாய், ஈயப் பற்று

இரண்டும் கலத்தடிக்கே வரக்கூடாது.

கடை வடியைக் கொட்டுவது

கொட்டாதீர்கள். அதில் இன்னும் மதுசாரம் இருக்கிறது. அடுத்த முறை மறுவடிப்புக்குப் போகும் சரக்கோடு சேருங்கள். ஆனால் அதையே சுற்றிச் சுற்றிப் பல தடவை விட்டால் கனமான வாடை முழுவதும் கலத்துக்குள்ளேயே குடியிருக்கும். இடையிடையே ஒரு தொகுதியை ஒதுக்கிவிட வேண்டும்.

உரிமம்

மதுவரித் திணைக்களத்தின் உரிமம் இல்லாமல் வடிப்பது 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். "வீட்டுத் தேவைக்குத்தானே" என்பது அங்கே எடுபடாது.