ஐடிவியில் கை வைக்காதீர்கள்: கார் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் கார் காப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். முதல் கார் வாங்குகிறவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களும், நான் வந்த காலத்தில் நடந்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். பாலிசி தேதியைத் தவற விடாதீர்கள், உரிமத்தைப் புதுப்பியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வண்டியின் நீளத்தைப் பார்ப்பது

நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டி, காப்பீடும் குறைவாகத்தான் வரும் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான கட்டணம், நீளத்தைப் பார்ப்பதில்லை, எஞ்சினின் சிசியைப் பார்க்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 வரை 3,416. அதற்கு மேல் 7,897. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதே தொகைதான். ஆகவே 998 சிசி டர்போ வண்டிக்கு 2,094, அதைவிட விலை குறைந்த 1,197 சிசி வண்டிக்கு 3,416. புது வண்டிக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எடுப்பது கட்டாயம் என்பதால், ஷோரூமில் முன்பணம் கட்டும் முன்பே சிசியைக் கேட்டுவிடுங்கள். மின்சாரக் காருக்குக் கிலோவாட் கணக்கு.

ஐடிவியைக் குறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஐடிவி என்பது வண்டி திருட்டுப் போனாலோ, மீட்க முடியாதபடி சேதமானாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை. தயாரிப்பாளரின் விற்பனை விலையில் தேய்மானம் கழித்து அதைக் கணக்கிடுகிறார்கள்: முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. கைபேசியில் பாலிசி எடுக்கும்போது ஐடிவியைச் சற்று இறக்கிப் பாருங்கள், பிரீமியமும் கூடவே இறங்கும். அந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது, ஓர் ஆசிரியர் தன் காரைச் சிந்துபூந்துறையில் உறவினர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறிவிட்டது. வண்டியின் விலை 9 லட்சம், இரண்டாவது புதுப்பித்தல், அதாவது இரண்டாண்டைத் தாண்டிய வண்டி. 30 சதவீதம் கழித்தால் ஐடிவி 6.3 லட்சம் இருந்திருக்க வேண்டும். பாலிசி போட்டுக் கொடுத்தவர், "பிரீமியம் குறையும்" என்று சொல்லி அதை 5.3 லட்சமாக்கியிருந்தார்.

பழுதுபார்க்கும் மதிப்பீடு 4.3 லட்சம் வந்தது. செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகிவிடும். 6.3 லட்சத்தில் 75 சதவீதம் 4.72 லட்சம், அந்தக் கணக்கில் அவர் வண்டியைச் சரிசெய்து வாங்கியிருக்கலாம். 5.3 லட்சத்திலோ அது 3.97 லட்சம்தான்.

"வண்டியை ஓட வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறாரே, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஓடும் சார். ஆனால் பாலிசிக் கணக்கில் அது முடிந்துபோன வண்டி."

வந்த பணத்தில் வங்கி தன் கடன் பாக்கியை முதலில் எடுத்துக்கொண்டது. மிஞ்சியதில் அதே மாதிரி வண்டி வாங்க முடியவில்லை. இத்தனைக்கும் அவர் மிச்சப்படுத்தியது எவ்வளவு? பழைய கட்டண அட்டவணைப்படி 1,197 சிசி வண்டிக்கு நம் பகுதியில் சொந்தச் சேத விகிதம் 3.191 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 3,191 ரூபாய். அதிலும் க்ளெய்ம் செய்யாததற்கான 25 சதவீதமும் நிறுவனத்தின் தள்ளுபடியும் போக, இரண்டாயிரத்துக்கும் கீழேதான். இரண்டாயிரத்துக்காக ஒரு லட்சத்தை விடுகிறவரை வாடிக்கையாளர் என்று மன்னிக்கலாம். அதைச் செய்யச் சொல்லும் முகவரை என்னால் மன்னிக்க முடியாது.

தேவையில்லாமல் ஐடிவியை ஏற்றுவதும் வீண்தான். விதிப்படி வரும் தொகையை எழுதுங்கள், மிச்சம் பிடிக்க வேறு வழி தேடுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வது

சாவியைத் தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்து கெட்டுப்போனால், எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு (ஆட்-ஆன்) இல்லாத பாலிசி அதைத் தராது. ஆற்றோரம், குளத்தோரம் குடியிருப்பவர்கள் இந்த இணைப்பை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிளாஸ்டிக்கை மறப்பது

இன்றைய வண்டியின் முன்பகுதியில் பாதி பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதத் தேய்மானம் உண்டு. நாங்குநேரி சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து பம்பர் உடைந்தால், அதன் விலையில் பாதி உங்கள் கையிலிருந்து போகும். வண்டி புதிதாக இருக்கும்வரை, இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' இணைப்பை எடுங்கள்.

சென்னைப் பதிவு வண்டி

பதிவான ஊரைப் பொறுத்து மண்டலம் மாறும். சென்னை முதல் மண்டலம், திருநெல்வேலி இரண்டாவது. வித்தியாசம் சொற்பம்தான், ஆனால் விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

விற்றவரின் என்சிபி

என்சிபி என்பது க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி. அது விற்றவருடையது, வண்டியோடு வராது. பழைய வண்டியை வாங்கிவிட்டு அந்தத் தள்ளுபடியைச் சொல்லிப் பாலிசி எடுத்தால், க்ளெய்ம் வரும் நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலிசியில் பெயர் மாற்றத்துக்கு, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.

ஓன் போர்டில் வாடகைக்கு ஓட்டுவது

குற்றாலம் சீசனாக இருந்தாலும் கூடாது.

பின்னால் பொருத்திய கேஸ் கிட்

ஆர்சி புத்தகத்தில் ஏற்றுங்கள், பாலிசியிலும் ஏற்றுங்கள். சொந்தச் சேதப் பிரிவில் கிட்டின் விலையில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம்.