சளியா ஃப்ளூவா, வீட்லயே எப்படி கண்டுபிடிக்கிறது

ஐப்பசி மழை ஆரம்பிச்சாச்சுன்னா வீட்டுக்கு ஒருத்தர் மூக்க உறிஞ்சிட்டு இருப்பாங்க, எது வந்தாலும் நாம "வைரல் ஃபீவர்"னு ஒரே பேரா சொல்லிட்டு மெடிக்கல்ல ரெண்டு வேளைக்கு மாத்திரை வாங்கி முழுங்கிட்டு போயிடுறோம். சாதா சளியக் கொண்டு வர்ற வைரஸ் 200க்கு மேல இருக்கு, அதுல ரைனோவைரஸ்தான் முக்கியமான ஆளு. ஃப்ளூன்னா இன்ஃப்ளூயன்ஸா மட்டும்தான். 2009ல பன்றிக்காய்ச்சல்னு ஊரையே மிரட்டுச்சே அந்த எச்1என்1, 2023 மார்ச்ல நியூஸ்ல ஓடுன எச்3என்2, எல்லாம் இதே குடும்பம்.

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, எவ்வளவு காய்ச்சல்னு இல்ல, எப்படி ஆரம்பிச்சுதுன்னு. சளி மெதுவா வரும், இன்னைக்கு தொண்டை கரகரன்னு இருக்கும், நாளைக்கு தும்மல், அப்புறம் மூக்கு ஒழுகும், அடைக்கும், எரிச்சலா இருக்குமே தவிர வேலைய பாத்துட்டே இருப்பீங்க. ஃப்ளூ அப்படி இல்ல, காலைல நல்லா டிபன் சாப்பிட்டு கெளம்புன மனுஷன் சாயங்காலம் குளிருதுன்னு போர்வைய இழுத்து போத்திட்டு படுத்துருவாரு. "எத்தன மணிக்கு முடியாம போச்சு"ன்னு கேட்டா டக்குனு நேரம் சொல்றாருன்னா ஃப்ளூவ சந்தேகப்படுங்க.

அடுத்து தெர்மாமீட்டர். நெத்தில கைய வெச்சு பாக்குறதெல்லாம் கணக்குல வராது. பெரியவங்களுக்கு சாதா சளில காய்ச்சல் பெருசா வராது, ஃப்ளூல 101லருந்து 104 வரைக்கும் கூட ஏறும், மூணு நாலு நாள் நிக்கும். கூடவே தலைவலி, வறட்டு இருமல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, பாத்ரூம் வரைக்கும் நடக்கவே அலுப்பா இருக்கும். ஆனா குழந்தைங்களுக்கு வெறும் சளிலயே காய்ச்சல் வரலாம், வயசானவங்களுக்கு ஃப்ளூ இருந்தும் காய்ச்சல் தெரியாம போகலாம், அதனால அவங்க விஷயத்துல நம்பர மட்டும் நம்பாதீங்க. அப்புறம் சளி மஞ்சளா பச்சையா வந்தாலே ஆன்டிபயாடிக் வேணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது தப்பு, சாதா சளியும் நாலாவது அஞ்சாவது நாள் அப்படித்தான் கெட்டியாகும், வைரஸ்கிட்ட ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

நம்ம ஊர்ல மழைக்காலத்துல மூணாவதா ஒருத்தன் இருக்கான், டெங்கு. திடீர் காய்ச்சல், உடம்பு வலி ரெண்டும் அதுலயும் உண்டு, ஆனா மூக்கு ஒழுகல் இருமல் பெருசா இருக்காது, கண்ணுக்குப் பின்னாடி வலிக்கும், வாந்தி வரும், சிலருக்கு தோல் சிவக்கும். சந்தேகம் இருந்தா முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1ங்கிற டெங்கு ரத்த டெஸ்ட் எடுத்துருங்க. அது டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவு ஆகலாம். பேரு தெரியாம கவர்ல போட்டுத் தர்ற மாத்திரை செட்ட நான் வேணாம்னு சொல்றது இதுக்குத்தான். கொரோனாவும் இதே வேஷத்துல வரும், அறிகுறிய வெச்சு பிரிக்க முடியாது, டெஸ்ட்தான் வழி.

சரி, ஃப்ளூவா சளியான்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னா, ஃப்ளூவுக்கு மருந்து இருக்கு, சளிக்கு கிடையாது. ஓசெல்டாமிவிர்னு பேரு, டாமிஃப்ளூன்னா நிறைய பேருக்கு தெரியும், ஆரம்பிச்சு 48 மணி நேரத்துக்குள்ள எடுத்தா நல்லா கேக்கும். எல்லாருக்கும் தேவைப்படாது, ஆனா வீட்ல கர்ப்பிணி, சுகர் ஆஸ்துமா இதய நோய் உள்ளவங்க, 65 தாண்டுனவங்க, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை இவங்கள்ல யாருக்காவது வந்துச்சுன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

சளிதான்னா மிளகு ரசம், வெந்நீர், ரெஸ்ட் போதும், ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். ஆவி பிடிக்கிறது இதமா இருக்கும், ஆனா குழந்தைய கொதிக்கிற பாத்திரத்துப் பக்கத்துல உக்கார வெக்காதீங்க, வெந்துபோன கேஸ் நிறைய வருது. பாராசிட்டமாலுக்கு நடுவுல 4லருந்து 6 மணி நேரம் இடைவெளி விடுங்க, சளி மாத்திரைகள் பலதுக்குள்ளயே பாராசிட்டமால் இருக்கு, அட்டைய திருப்பி படிங்க, இல்லன்னா தெரியாமலே டபுள் டோஸ் ஆயிடும்.

மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, உதடு நீலமாகுது, பேச்சு குழறுது, யூரினே போகல, இல்லன்னா காய்ச்சல் விட்டு மறுபடி இருமலோட ஏறுது, இதுல எது ஒண்ணு வந்தாலும் ஆஸ்பத்திரிதான், முடியலன்னா 108. டெங்குல காய்ச்சல் விட்ட உடனேயும் வயித்து வலி, ஈறுல ரத்தம் வருதான்னு பாத்துக்கணும்.

ஃப்ளூ ஊசி சளியத் தடுக்காது, ஃப்ளூவுக்கு மட்டும்தான், அதுவும் வைரஸ் மாறிட்டே இருக்கிறதால வருஷா வருஷம் போடணும், போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வேலை செய்யும், அதனால மழைக்கு முன்னாடியே போட்டுக்கோங்க. ஃப்ளூ வந்தவங்க அறிகுறி தெரியுறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சு அஞ்சு ஏழு நாள் வரைக்கும் பரப்புவாங்க, மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லன்னா மட்டும் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புங்க, டெஸ்ட் இருக்கு எக்ஸாம் இருக்குன்னு டோலோவ குடுத்து வேன்ல ஏத்தாதீங்க.