பழைய டச்சு நாடகம் ஒன்றின் தோற்றத்தையும் காலனி அரங்கேற்றங்களையும் ஆராயும் முறை

ஒரு பழைய டச்சு நாடகத்தின் வரலாற்றை எழுத முற்படுபவர், அது எப்போது எழுதப்பட்டது, எப்போது அச்சேறியது, எங்கே மேடையேறியது என்ற மூன்று கேள்விகளையும் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குப் பொருத்துவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. டச்சுக் கவிஞர் ஃபொண்டெலின் 'கெய்ஸ்பிரெக்ட்' நாடகம் 1637-இல் அச்சாகி, அவ்வாண்டு டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறவிருந்தது. ஆனால் கத்தோலிக்கச் சாயல் கொண்ட காட்சிகளைச் சபைப் போதகர்கள் எதிர்த்ததால், 1638 ஜனவரி 3-ஆம் நாள்தான் மேடையேறியது.

தோற்றம் ஐயத்துக்குரியதாக இருப்பின், ஒவ்வொரு செய்தியும் முதன்முதலில் எந்த ஆண்டுச் சான்றில் காணப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'எல்க்கர்லெய்க்' நாடகத்தின் மிகப் பழைய பதிப்பு 1495-ஐ ஒட்டி டெல்ஃப்ட் நகரில் அச்சானது. டீஸ்ட் நகரத்துப் பீட்டரை ஆசிரியராகச் சொல்வதோ 1536-இல் வந்த 'ஹோமுலுஸ்' என்ற லத்தீன் வடிவம். நாற்பது ஆண்டுகள் பிந்திய அந்தக் கூற்றை அதன் ஆண்டோடு சேர்த்தே எழுத வேண்டும். இதே கதையைச் சொல்லும் ஆங்கில நாடகமான 'எவ்ரிமேன்', 'எல்க்கர்லெய்க்' நாடகத்துக்கு முந்தியதா என்ற நீண்ட விவாதத்தில், டச்சு வடிவமே மூலம் என்பது இன்று பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. இத்தகைய வழக்கில் இரு நூல்களின் எதுகைச் சொற்களை வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இயல்பாக அமைந்த சொல் மற்றதில் ஒலிக்காக வலிந்து திணிக்கப்பட்டிருந்தால், அது நல்ல தடயம்.

காலனி அரங்கேற்றங்களுக்கு நெதர்லாந்து தேசிய நூலகத்தின் டெல்ஃபர் இணையத் தொகுப்பிலுள்ள பழைய நாளிதழ்களே சிறந்த தொடக்கம். 1821-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) திறக்கப்பட்ட அரங்கையும், 1837-இல் சுரினாமின் தலைநகர் பாராமரிபோவில் தோன்றிய தாலியா நாடகச் சங்கத்தையும் முதலில் தேடலாம். தலைப்பின் எல்லா எழுத்து வேறுபாடுகளையும் இட்டுப் பாருங்கள். பழைய நீண்ட 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடுவதால், அந்தத் தவறான வடிவையும் தேடுவது பலன் தரும். விளம்பரம் கிடைத்ததும் நின்றுவிடாமல், அடுத்த சில இதழ்களில் ஒத்திவைப்பு அறிவிப்போ விமர்சனமோ உண்டா என்று பாருங்கள். விமர்சனம் இருந்தால் 'நடிக்கப்பட்டது' என்றும், விளம்பரம் மட்டும் இருந்தால் 'அறிவிக்கப்பட்டது' என்றும் பதியுங்கள்.

அந்த இதழ்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வாசகர்களுக்காக வெளிவந்தவை. சுரினாமில் அடிமை முறை 1863-இல்தான் ஒழிந்தது என்பதால், அதற்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்றின் அறிவிப்பில் அடிமைப்பட்டோரைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை வைத்து, அவர்கள் அந்த அரங்கில் இருந்ததே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.