மொமென்டம், இம்பல்ஸ் கணக்கு இனி குழப்பாது

ஃபார்முலாவ அப்பறம் பாக்கலாம், மொதல்ல தர்பூசணி லோடு எறக்கறத ஒரு தடவ நல்லா பாருங்க. லாரி மேல இருந்து ஒருத்தர் தூக்கிப் போடுவாரு, கீழ இருக்கறவரு கைய வெறைப்பா வச்சுக்க மாட்டாரு, பழம் கையில பட்டதுமே அது போற பக்கமே கையையும் சேத்து இழுத்துட்டுப் போய் நெஞ்சோட அணைச்சுக்குவாரு. மொத்த பாடமும் அந்த ஒரு அசைவுலயே இருக்கு.

பழம் 4 கிலோ, வேகம் நொடிக்கு 5 மீட்டர்னு வைங்க. ரெண்டையும் பெருக்குனா 20, அதான் உந்தம், அதாவது மொமென்டம். நிறுத்தணும்னா இந்த 20ஐயும் சுழியமாக்கியே ஆகணும், அந்த மாற்றம்தான் கணத்தாக்கு, அதாவது இம்பல்ஸ், விசை பெருக்கல் நேரம். கைய வெறைப்பா வச்சு 0.02 நொடில நிறுத்துனா, 20ஐ 0.02ஆல வகுக்கணும், விசை 1000 நியூட்டன், கிட்டத்தட்ட 100 கிலோ மூட்டைய கையில வச்ச மாதிரி, பழமும் பொளந்துரும். கைய பின்னால இழுத்து 0.2 நொடி எடுத்துக்கிட்டா வெறும் 100 நியூட்டன். கணத்தாக்கு ரெண்டுலயும் அதே 20தான், இத மட்டும் மறக்காதீங்க.

நெறைய பேரு மார்க் விடற எடம் திரும்பி வர்ற பந்துதான். 0.16 கிலோ கிரிக்கெட் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்துல வந்து, பேட்ல பட்டு 20ல நேரா திரும்பிப் போகுதுன்னா 30லேர்ந்து 20ஐ கழிச்சிடாதீங்க, தெச மாறிருச்சுல்ல, ஒண்ணு பிளஸ்னா இன்னொண்ணு மைனஸ், அதனால வேக மாற்றம் 50, உந்த மாற்றம் 8. கணக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம் பிளஸ்னு எழுதிருங்க.