ஹாகியோஸ்: பிரசங்கம் எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கம் கற்கத் தொடங்கியிருக்கும் இளம் ஊழியர்களின் பிரசங்கக் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். வேதத்தில் ‘பரிசுத்தமான’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் இருக்கும் கிரேக்கச் சொல் ஹாகியோஸ். அதைப் பற்றிப் போன வாரமும் அதே வரி வந்தது: “ஹாகியோஸ் என்றால் மண்ணுக்கு உரியதல்லாதது.” இருபது வருடங்களுக்கு முன் நானும் பீடத்தில் நின்று இதைத்தான் சொன்னேன். எழுத்துப் பிழையும் உச்சரிப்பும் போகப் போகச் சரியாகிவிடும். இது மட்டும் ஆகவே மாட்டேன் என்கிறது.

சொல்லைப் பிய்த்துப் பொருள் எடுப்பது

‘அ’ என்றால் இல்லை, ‘கே’ என்றால் மண், ஆகவே ‘மண்ணல்லாதது’. கேட்க நன்றாக இருக்கிறது, சபையும் தலையாட்டும். ஆனால் ஹாகியோஸ் ‘ஹ’ ஒலியோடு தொடங்கும் சொல். எதிர்மறை ‘அ’வுக்கு அந்த ஒலி கிடையாது. தெய்வத்தின் முன் அஞ்சி நிற்பதைக் குறிக்கும் ஒரு கிரேக்க வினையோடுதான் இதற்கு உறவு. யாகம் பிறந்த வடமொழி ‘யஜ்’ என்ற வேரும் இதற்குப் பங்காளி என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

இலக்கணம் பிடிக்காதவர்கள் யாத்திராகமம் 3:5ஐத் திறக்கலாம். முட்செடி எரிகிறது, மோசே நிற்கிறார். “நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி.” செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே இருப்பது ‘கே ஹாகியா’ (ஹாகியா என்பது ஹாகியோஸின் பெண்பால் வடிவம்). எந்த மண் இந்தச் சொல்லுக்குள் இல்லை என்கிறோமோ, அந்த மண்ணையே வேதம் ஹாகியா என்கிறது! அப்போஸ்தலர் 7:33இல் ஸ்தேவானும் அதையே சொல்கிறார்.

நான் அப்படிப் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஒரு விவசாயி வாசலில் காத்திருந்தார். “ஐயா, விடிஞ்சதுலேருந்து மண்ணுலதான் கெடக்கேன். எனக்கு அந்தப் பரிசுத்தம் வராதா?” ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னதே தவறு என்று எனக்குத் தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதனால்தான் குறிப்பில் இந்த வரியைப் பார்த்தால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

எபிரெய ‘கதோஷ்’ என்ற சொல்லுக்குச் செப்துவஜிந்து தேர்ந்துகொண்டது ஹாகியோஸ். தேவனுக்கென்று ஆனது என்பது அதன் உயிர். மத்தேயு 23:17இல் தேவாலயம் பொன்னைப் பரிசுத்தமாக்குகிறது. அந்தப் பொன்னில் அழுக்கு இருந்ததாக அங்கே பேச்சே இல்லை. அது யாருடையது என்பதுதான் மாறுகிறது. பொன்னுக்கு ஆவது வயலுக்கும் ஆகும், அதில் உழுகிறவருக்கும் ஆகும். இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பரிசுத்தமாகுதல் என்றால் பாவம் நீங்குவது மட்டும்தான் என்பது

யோவான் 17:19இல் இயேசு, “நான் என்னைத்தானே பரிசுத்தமாக்குகிறேன்” என்கிறார். அவரிடம் நீங்க வேண்டிய பாவம் எது?

தமிழில் ஒரே சொல், ஆகவே கிரேக்கத்திலும் ஒன்றே என்பது

எபிரெயர் 12:10இல் ‘பரிசுத்தம்’ ஹாகியோட்டெஸ்: தேவனுடைய தன்மை. நாலே வசனம் தள்ளி, 12:14இல் அது ஹாகியாஸ்மோஸ்: நாம் நாட வேண்டியது. எபேசியர் 4:24இல் வேரே வேறு, ஹோசியோட்டெஸ். ஒத்துவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூல்) தமிழ்ச் சொல்லை மட்டும் தேடிப் பிரசங்கம் கட்டாதீர்கள்.

ஹாகியாஸ்மோஸ் முழுக்க நம் முயற்சி என்பது

புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் 10 இடங்களில் வருகிறது. பத்தையும் வாசியுங்கள். 1 கொரிந்தியர் 1:30இல் கிறிஸ்துவே நமக்கு அதுவாகிறார்.

பரிசுத்தவான்கள் என்றால் குறையே இல்லாதவர்கள் என்பது

பவுல் அப்படி அழைத்தது கொரிந்து சபையாரை. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.