பிரைன்வில் நீர்த்தேக்கத்தில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலிலிருந்து வரும் மழையைக் கேஸ்கேட் மலைத்தொடர் மேற்கிலேயே தடுத்துவிடுகிறது. அதற்குக் கிழக்கே சேஜ் புதரும் ஜூனிப்பர் மரமும் மண்டிய மேட்டுப் பாலைநிலம். அங்கே குரூக்கட் ஆற்றின் குறுக்கே 1961இல் போமன் அணை கட்டியதால் உண்டானது பிரைன்வில் நீர்த்தேக்கம். கரையில் மாநிலப் பூங்கா இருக்கிறது. சுற்றிலும் வறட்சி என்பதால் பறவைகள் இந்தத் தண்ணீருக்கு வந்தே தீரும். அதனால் அலையாதீர்கள். ஓரிடத்தில் நின்று பார்க்கப் பழகுங்கள்.

1. விடிந்த கையோடு போய்விடுங்கள். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் கானல் நெளியும். தூரத்துப் பறவை கலங்கித் தெரியும். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாமே கறுப்பு நிழல்தான்.

2. முதலில் தண்ணீர். இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். நீண்ட வெள்ளைக் கழுத்தோடு ஒரு முக்குளிப்பான் (ஆங்கிலத்தில் கிரீப்) தென்பட்டால் கண்ணைக் கவனியுங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அலகு பச்சை கலந்த மஞ்சள் என்றால் வெஸ்டர்ன் கிரீப். கண்ணைச் சுற்றி வெள்ளை, அலகு ஆரஞ்சு மஞ்சள் என்றால் கிளார்க்ஸ் கிரீப். மூழ்கிவிட்டால் பைனாகுலரை இறக்கி, வெறுங்கண்ணால் பரந்து பாருங்கள். மூழ்கிய இடத்திலேயே எழாது. வசந்தத்தில் இணைகள் தோளோடு தோள் சேர்ந்து நீர்மேல் ஓடும். அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் குறிப்பேட்டை மறந்துவிடலாம்.

3. பிறகு வானம். நிறத்தை நம்பாதீர்கள், இறக்கை வடிவத்தைப் பாருங்கள். பலகைபோல் நேராக விரிந்திருந்தால் வெண்தலைக் கழுகு. தலை வெளுக்க நாலைந்து ஆண்டாகும், ஆகவே பழுப்புத் தலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மணிக்கட்டுபோல் நடுவில் மடங்கியிருந்தால் மீன் பிடிக்கும் விராலடிப்பான். கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் பாயும். ஆங்கில ‘வி’ போல் தூக்கி, தள்ளாடிப் பறந்தால் பிணந்தின்னியான டர்க்கி வல்ச்சர்.

4. கரையோரம். பாசனத்துக்குத் தண்ணீர் போவதால் கோடை முடிவில் சேற்றுத்தரை வெளிப்படும். தெற்கே வலசை போகும் உள்ளான்களை அங்கே தேடலாம். வசந்தத்தில் சரளைக்கல் மேல் பார்த்து நடங்கள். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டையுள்ள கில்டியர் சிறகொடிந்ததுபோல் நடித்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

5. கடைசியாக ஜூனிப்பர் மரங்கள். குளிர்காலத்தில் மர உச்சியில் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பறவை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்: டவுன்சென்ட்ஸ் சாலிட்டேர். ஜூனிப்பர் பழம் உள்ள தன் எல்லைக்குள் வேறு பறவை வந்தால் விரட்டும்.

6. பெயர் தெரியாவிட்டால், பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் பாருங்கள். அதற்கு முன் அளவு, அலகு, நடத்தை மூன்றையும் எழுதிவிடுங்கள். பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றும்போது உறுதியாகத் தெரியாததை ‘கிரீப் இனம்’ என்று மட்டும் பதியலாம். அதற்கு அங்கே இடம் உண்டு.