முறுக்கி ஒட்டிய வாள்: பெங்களூர்ப் பட்டறையில் வைக்கிங் பாணி அலகு அடிக்கும் முறை

இரண்டு வகை இரும்பை அடுக்கி, கம்பியாக முறுக்கி, அந்தக் கம்பிகளை உலைச் சூட்டில் ஒட்டி அடித்த வாளில் எந்தக் கோலம் தெரியப்போகிறது என்பது, கடைசியில் எத்தனை மில்லிமீட்டர் அரைத்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். முடிந்த அலகு எவ்வளவு தடிமன், அரைக்க எவ்வளவு விட வேண்டும், அதற்குக் கம்பி எவ்வளவு தடிமன், அதற்குத் தொடக்கத்தில் அடுக்கு எவ்வளவு. இந்த வரிசையை மறந்து இரும்பை உலையில் வைத்தால் ஒட்டு நன்றாக விழுந்தும் கோலம் சப்பென்று இருக்கும்.

வட ஐரோப்பாவில் இந்த வேலை கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இருந்தது. டென்மார்க்கின் நிடாம் சதுப்பில் கிடைத்த வாள்களிலும், இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டியெடுத்த வாளிலும் இதைப் பார்க்கலாம். வைக்கிங் காலத்திலும் தொடர்ந்து, 10ஆம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. சாதா இரும்பையும் பாஸ்பரஸ் கூடிய இரும்பையும் அடுக்கி முறுக்கினார்கள். பாஸ்பரஸ் உள்ளது அமிலத்தில் வெளுப்பாக நிற்கும். இங்கே யாரிடம் காட்டினாலும் "ஓ, நம்ம உக்கு!" என்பார்கள். அது வேறு. உக்கு, அதாவது மேல்சிறுவளூர் போன்ற ஊர்களில் மூசையில் உருக்கி எடுத்த எஃகு, தன் உள்ளேயிருந்தே வரியைக் காட்டும். இதில் வரி முழுக்க நம் கைவேலை.

தொடங்குமுன் சட்டம். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின்படி வாள் ஆயுத வகையில் வருகிறது. கத்தி என்றாலும், வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானது தவிர, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அதே வகைதான். கூர் போடாமல் விட்டால் போதும் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். உரிமம் தேவையா என்று காவல் ஆணையர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அதுவரை இதே முறையில் 8 அங்குலத் துண்டு அடித்துப் பழகலாம். செய்முறையில் எந்த வித்தியாசமும் இல்லை, இரும்புச் செலவும் மிச்சம்.

இலக்கு இது: அலகு 72 செ.மீ., அடியில் அகலம் 4.8 செ.மீ., கைப்பிடியோடு மொத்தம் சுமார் 88 செ.மீ., எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நடுவில் மூன்று முறுக்குக் கம்பிகள், இரு ஓரத்திலும் முறுக்காத எஃகுக் கம்பி.

கருப்பாகத் தெரிய, கார்பன் கூடிய எஃகான 1075 அல்லது சி80 பட்டை, 3 மி.மீ. தடிமன். வெளுப்பாகத் தெரிய 2 சதவீத நிக்கல் உள்ள 15என்20, 1.5 மி.மீ. இது கடையில் கிடைக்காவிட்டால் மரமில்லில் கழித்துப்போட்ட அகலமான பேண்ட்சா பிளேடைத் தேடுங்கள். எல்லா பிளேடிலும் நிக்கல் இராது. சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) வாங்கினால் ஒரு துண்டு வெட்டி, பக்கத்தில் 1075 துண்டையும் வைத்து, இரண்டையும் 5 நிமிடம் ஃபெரிக் குளோரைடில் (இரும்பை அரிக்கும் கரைசல்) போடுங்கள். 1075 கறுக்கும்போது அது வெள்ளிபோல் நின்றால் எடுக்கலாம்; இரண்டும் கறுத்தால் அதை வைத்து எத்தனை முறுக்கினாலும் கோலம் வராது. லாரி ஸ்பிரிங் பட்டையை வாளுக்கு எடுக்க வேண்டாம். பல வருடம் குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அது தோய்ச்சலில், அதாவது சூடான அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போதுதான், வாயைத் திறக்கும்.

ஒரு கம்பிக்கு 25 மி.மீ. அகலம், 170 மி.மீ. நீளத்தில் ஏழு துண்டு: 1075 நான்கு, 15என்20 மூன்று, மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் இரண்டிலும் 1075. மொத்தத் தடிமன் 16.5 மி.மீ., எடை சுமார் 550 கிராம். இதுபோல் மூன்று அடுக்கு. ஓரத்துக்கு 10 × 8 மி.மீ. 1075 கம்பி, அரை மீட்டரில் இரண்டு. அடுக்கை இருபது, முப்பது என்று கூட்டும் ஆசையை அடக்குங்கள். வைக்கிங் கோலம் தடித்த வரி. மெல்லிய அடுக்கை முறுக்கினால் தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பல் பூச்சு மாதிரிதான் இருக்கும்.

உலைக்கு எல்பிஜி போதும், 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரை இதற்கு மாட்டுவது குற்றம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரியாக எரிந்த, தானே காற்று இழுக்கும் பர்னர் இங்கே கொஞ்சம் புகைச்சலாக எரியும். காற்றுவாயைக் கூடுதலாகத் திறங்கள், அல்லது சின்ன புளோயர் வையுங்கள். டிசம்பர், ஜனவரி காலையில் சிலிண்டர் வெளியே பனி பூத்து அழுத்தம் விழும். சாதாத் தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை நிறுத்தி வைத்தால் சரியாகும். நெருப்பையோ வெந்நீரையோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் உலை வைப்பது தற்கொலை. ஒட்டுக்குத் தூவும் வெண்காரம் (போராக்ஸ்) உலையின் தரையில் சொட்டி, உள்ளே பதித்த செராமிக் கம்பளியைத் தின்னும், அதனால் அடியில் உயர் அலுமினா காஸ்டபிள் (வெப்பம் தாங்கும் கலவை) பூசிக் காயவிடுங்கள். கம்பளியின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கையாளும்போது என்95 முகமூடி போடுங்கள்.

ஒட்டு

துண்டுகளின் இரு முகத்தையும் பளிச்சென்று அரையுங்கள். ரோலிங் மில் கருப்புப் படலம், துரு, விரல் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. அசிட்டோனால் துடைத்து, அடுக்கி, இடுக்கியில் இறுக்கி, இரு முனையிலும் வெல்டிங் புள்ளி வையுங்கள். ஒரு முனையில் 60 செ.மீ. கம்பியைக் கைப்பிடியாக வெல்டு செய்யுங்கள்.

அடுக்கு மங்கிய சிவப்பைத் தாண்டி ஆரஞ்சுக்கு வரும்போது வெண்காரத்தைப் பக்கங்களில் தூவுங்கள். நாட்டு மருந்துக் கடை வெண்காரம் பொங்கி உதிரும். முன்பே இரும்புச் சட்டியில் வறுத்து நீரை விரட்டிப் பொடித்து வைத்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பொறுமை. இளமஞ்சள் வரவேண்டும், ஏறத்தாழ 1,250 டிகிரி. உருகிய வெண்காரம் மேலே எண்ணெய்போல் ஓடி, லேசாகக் கொதிக்கும். வெளிப்பக்கம் சூடாகி உள்பக்கம் ஆறியிருப்பது எல்லாரும் ஏமாறும் இடம், அதனால் நிறம் வந்தபின் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் திருப்பிப்போட்டு ஊறவையுங்கள். வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பு வெந்துபோனது. அந்த முனையை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

முதல் அடி பலமாக இருக்கக் கூடாது. ஒரு கிலோ சுத்தியலால் நடுவிலிருந்து முனைவரை தட்டித் தட்டிப் போங்கள். வெண்காரம் அழுக்கோடு வெளியே பிதுங்கித் தெறிக்கும், முழுக்கை பருத்திச் சட்டை கட்டாயம். ஓங்கி அடித்தால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகும். அதே வெப்பத்தில் இன்னும் இரண்டு முறை செய்தபின்தான் சம்மட்டிக்காரரைக் கூப்பிட வேண்டும்.

ஒட்டு விழுந்ததா என்று பார்க்கத் துண்டை நிழலில் பிடித்து ஆறவிட்டுக் கவனியுங்கள். ஒட்டாத இடத்துக்கு மேலே உள்ள தகடு தனியாக நிற்பதால் சீக்கிரம் ஆறும். சுற்றிலும் ஆரஞ்சாக இருக்கையில் அங்கே மட்டும் கறுப்புத் திட்டு விழும். அப்படித் தெரிந்தால் உடனே வெண்காரம் போட்டு மறுபடி வெப்பம். முறுக்கிய பிறகு அந்தப் பிளவு திருகிக்கொண்டு கம்பி முழுக்க ஓடிவிடும், திருத்தவே முடியாது.

முறுக்கு

நன்றாக ஒட்டிய அடுக்கை 12 மி.மீ. சதுரமாக நீட்டினால் சேதாரம் போக 40 செ.மீ. வரும். நான்கு மூலைகளையும் தட்டி எட்டு முகமாக்குங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் அழுவார்கள்: சதுர மூலை முறுக்கில் மடிந்து, மடிப்புக்குள் செதில் மாட்டி, மெருகேற்றும் நாளில் கறுப்புக் கோடாக எட்டிப்பார்க்கும்.

மஞ்சளுக்குக் கீழான பளிச்சிடும் ஆரஞ்சில், ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குழாய் ரெஞ்சால் திருகுங்கள். 25 மி.மீ.க்கு ஒரு சுற்று. ரெஞ்சில் சுண்ணாம்புக் குறி போட்டு எண்ணினால் கணக்குத் தவறாது. சூடான இடம்தான் முதலில் திரும்பும் என்பதால் ஒரே இடத்தில் முறுக்கு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். அங்கே தண்ணீர் ஊற்றும் பழக்கம் மெல்லிரும்புக்குச் சரி. கார்பன் கூடிய எஃகில் விரிசல் விடும். ஆறின குறடால் அந்த இடத்தைக் கவ்விப் பிடித்தால் சூடு இறங்கும், பக்கத்து இடம் திரும்பத் தொடங்கும். நடுக்கம்பியை மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் முறுக்குங்கள். அப்போதுதான் மீன்முள் கோலம். 50 மி.மீ. முறுக்கு, 50 மி.மீ. நேர் என்று மாற்றி விடுவதும் பழைய வாள்களில் உண்டு.

முறுக்கியதை 10 மி.மீ. சதுரமாக்கி 50 செ.மீ.க்கு வெட்டுங்கள். ஒட்டவேண்டிய பக்கங்களில் திருகுப்பள்ளம் முழுவதும் போகும்வரை அரையுங்கள். முதலில் மூன்று கம்பிகளை மட்டும் ஒட்டி, பக்கங்களைச் சுத்தம் செய்து, பிறகு ஓரக்கம்பிகள். ஐந்தையும் ஒரே தடவையில் கட்டினால் ஏதோ ஒரு மூட்டு நிச்சயம் விட்டுப்போகும். பிடிப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு வெப்பத்துக்கு 5 முதல் 7 செ.மீ. பக்கவாட்டில் அடித்தால்தான் மூட்டு சேரும். ஆனால் பில்லட் (ஒட்டிச் சேர்த்த கட்டி) வளையும். பக்கத்தில் இரண்டு அடி, தட்டையாக ஒரு அடி என்ற தாளத்தில் போங்கள்.

நுனியில் நடுக்கம்பிகள் வெளியே தெரியக் கூடாது. மீன்வாய்போல் 40 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவில் நடுப்பகுதியை அறுத்தெடுத்து, இரு ஓர எஃகையும் மூடி ஒட்டினால் கூர் நுனியைச் சுற்றிவரும். மறுமுனையில், பிடிக்குள் போகும் காம்பு 12 செ.மீ. அலகின் தோள் காம்போடு சேரும் மூலை வளைவாக இருக்கட்டும். செங்கோணமாக விட்டால் தோய்ச்சலில் அங்கேதான் கீறும்.

இப்போது 1.8 கிலோ பில்லட் இருக்கும். 6.3 மி.மீ. தடிமனுக்கு நீட்டும்போது இரு முகத்திலும் சமமாக அடியுங்கள். ஒரு பக்கமே அடித்தால் ஓர எஃகு நகர்ந்து கூர் வரும் இடத்துக்குள் கோலம் புகுந்துவிடும்.

அரைப்பு

முறுக்குக் கம்பியின் மேல்தோலில் சாய்ந்த பட்டைகள். பாதி ஆழத்தில் அவை வளைந்து ஆற்று நெளிவு மாதிரி ஆகும். மையத்தை நெருங்க நெருங்க நட்சத்திரமும் பூவும். வைக்கிங் வாளின் நடுப்பள்ளத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் தோல்தான் உள்ளே போகிறது, பட்டை பட்டையாகவே இருக்கும். அரைத்து இறக்கினால்தான் உள்ளே இருப்பது வெளிவரும். 6.3 மி.மீ.யில் இருபுறமும் 1.6 எடுத்து நடுவில் 3 மி.மீ. விட்டால் நெளிவுக் கோலம் கிடைக்கும். இரு முகத்திலும் முழு நட்சத்திரம் வேண்டுமென்றால் ஒற்றை வரிசை போதாது. நடுவில் சாதாத் தகடு, இருபுறமும் தனித்தனிக் கம்பி வரிசை வைத்து ஒவ்வொன்றையும் பாதிவரை அரைக்க வேண்டும். தோய்ச்சலுக்கு முன் கூர்ப்பக்கம் 2 மி.மீ.க்குக் கீழ் போகாதீர்கள், கோணும்.

மூன்று முறை 870, 830, 790 டிகிரிக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிட்டு உள் இறுக்கத்தைப் போக்குங்கள். தோய்ச்சலுக்கு 810 டிகிரி. 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் செங்குத்தாக இறக்க வேண்டும். 150 மி.மீ. விட்டம், 1 மீட்டர் உயரக் குழாய்க்கு 16 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். முக்கால் மீட்டர் அலகைச் சின்ன உலையில் சீராகச் சூடேற்றுவது கடினம். பீன்யா தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மெண்ட் வேலை எடுக்கும் பட்டறையில் ஆழமான உலை இருக்கிறதா என்று விசாரித்து, எஃகு வகையையும் வெப்பத்தையும் எழுதிக் கொடுப்பதே மேல். எண்ணெயிலிருந்து வந்த முதல் ஒரு நிமிடத்தில் கையுறையோடு கோணலை நிமிர்த்தலாம், அதற்குப் பிறகு தொட்டால் கண்ணாடிபோல் முறியும். ஒரு மணி நேரத்துக்குள் 280 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதம் இறக்கி, அதாவது முறியாதபடி கடினத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆறவிட்டு, இன்னொரு தடவை.

600 நம்பர் தாள்வரை தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஃபெரிக் குளோரைடில் இறக்குங்கள். எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டுக்கு விற்பதேதான். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். கீழே மூடிய 75 மி.மீ. பிவிசி குழாய் 4 லிட்டரில் நிறையும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, கறுப்பு மாவைத் துடைத்து, 1500 தாளால் லேசாகத் தேய்த்து மீண்டும் இறக்குங்கள். மூன்று நான்கு முறையில் நிக்கல் வரி மேடாகவே விரலில் தட்டுப்படும். ஆப்ப சோடாக் கரைசலில் கழுவி உடனே உலர்த்துங்கள். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் மூடிவைத்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

பிடிக்குத் தேக்குக் கட்டை, 9 முதல் 10 செ.மீ. கையைக் காக்கும் குறுக்குக் காப்பும் பிடியின் கடைசியில் வரும் குமிழும் மெல்லிரும்பில். குமிழின் எடையைக் கூட்டிக் குறைத்து, காப்புக்கு முன்னால் 12 முதல் 15 செ.மீ. தள்ளி அலகு விரலில் நிற்கும்படி பார்த்தபின் காம்பு முனையைத் தட்டி அடைத்துவிடுங்கள். ஜூன் மழை தொடங்கினால் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைக்கும்.